ஏரியோரம் ஒரு காக்கிக் கூடாரம்

போன வாரம் பொம்மனஹள்ளி சிக்னலுக்குப் பக்கத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தேன். என் அருகே ஓர் இளநீர் வண்டி. வண்டிக்காரர் அவசர அவசரமாகக் காய்களின் மேல் ஒரு பழைய கித்தானை இழுத்துப் போர்த்தினார். மரத்தில் இருக்கும்போது நனையாத இளநீரா, இப்போது நனைந்து என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அந்த வாசனை வந்துவிட்டது. நனைந்த கித்தான், பழைய கயிறு, கொஞ்சம் பூஞ்சை, எங்கோ ஓரத்தில் துளி மண்ணெண்ணெய். மூக்கு என்னைக் கேட்காமலே இன்னும் இரண்டடி முன்னால் போயிற்று.

“என்னம்மா, எளனி வெட்டட்டா, இல்ல சும்மா நிக்கிறீங்களா?” என்றார் அவர்.

ஒன்று வெட்டச் சொன்னேன். மழையில் நின்றுகொண்டு இளநீர் குடிக்கிற நடுவயதுப் பெண்ணை ஹோசூர் ரோடு அன்று ஆச்சரியமாகப் பார்த்திருக்கும். எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. நான் அப்போது இருபத்து மூன்று வயதில், ஒரு ஸ்கூட்டரின் பின்சீட்டில், மடியில் கூடாரக் கம்புகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆனேக்கல் பக்கம் போய்க்கொண்டிருந்தேன்.

அந்தக் கூடாரம் ஸ்டெல்லாவின் அப்பாவுடையது. ஸ்டெல்லா யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். திருப்பத்தூரிலிருந்து வேலைக்கு வந்த புதிதில் நான் ஒரு சலவை இயந்திரக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் சேர்ந்தேன். காலையிலிருந்து மாலைவரை காதில் ஹெட்போன். தமிழில் திட்டுபவர்கள் என்னிடம் வருவார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த ஸ்டெல்லாவிடம் ஆங்கிலத்தில் திட்டுபவர்கள் வருவார்கள். அவள் பிரேசர் டவுன்காரி. அவளுக்கு அடுத்த நாற்காலி ஆனேக்கல் ரத்னாவுக்கு. கன்னடத்திலும் தெலுங்கிலும் திட்டு வாங்குவது அவள் பொறுப்பு. மூன்று பேரும் சேர்ந்தால் தென்னிந்தியாவின் பாதிக் கோபம் எங்கள் காதுக்குள்தான் இறங்கும்.

திட்டு வாங்குவதில்கூட எனக்கு வருத்தமில்லை. சத்தம்தான் தாங்க முடியவில்லை. வேலை முடிந்து வெளியே வந்தால் ஹோசூர் ரோட்டில் லாரி ஹாரன். விடுதிக்குப் போனால் நான்கு பெண்கள் இருந்த அறையில் நான்கு போன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஸ்டெல்லா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். “எங்கயாச்சும் தண்ணி பக்கத்துல போய் உக்காரணும்டி. யாரும் பேசக் கூடாது. நீகூட.”

நான்கூடப் பேசக் கூடாது என்றதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஆனாலும் உடனே சரி என்றேன்.

“எங்கப்பாகிட்ட டெண்ட் இருக்கு” என்றாள். ரத்னா திரும்பிப் பார்த்தாள். “எங்க ஊரு பக்கம் நெறைய ஏரி இருக்கு” என்றாள். இதோ முடிந்தது. ஒரு நிமிடத்தில் எங்கள் சங்கம் ஆரம்பமாகிவிட்டது.

ஸ்டெல்லாவின் அப்பாவை டேனியல் அங்கிள் என்று கூப்பிடுவோம். ராணுவத்தில் கிடங்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பழைய சாமான்களை ஏலம் விட்டபோது அந்தக் கூடாரத்தை ஆசையாக வாங்கி வந்திருந்தார். வாங்கி வந்ததிலிருந்து வீட்டு மாடியில் மாதம் ஒருமுறை அதை விரிப்பது, வெயில் காட்டுவது, மடித்து வைப்பது, அவ்வளவுதான். ஒருநாளும் அதில் படுத்ததில்லை. எங்களுக்குக் கொடுக்கும்போது ஒரு குழந்தையைத் தூக்கிக் கொடுப்பது மாதிரிக் கொடுத்தார். “ஈரத்தோட மடிக்கக் கூடாதும்மா. மண்ணோட மடிக்கக் கூடாது. நெருப்புப் பக்கத்துல வெக்கக் கூடாது.” வேறு என்னதான் செய்யலாம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. காக்கி நிறம், யானைக்குட்டி கனம். ஸ்கூட்டரின் முன்னால் அதை வைத்தால் ஸ்டெல்லாவுக்குக் கால் வைக்க இடமிருக்காது. சர்க்கஸ்காரி மாதிரி இரண்டு பக்கமும் காலை நீட்டிக்கொண்டுதான் ஓட்டுவாள்.

இடம் தேடியதுதான் பெரிய கதை. அப்போதுதான் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வானத்திலிருந்து பூமியைப் பார்க்கிற வரைபடம் வந்திருந்தது. மேற்பார்வையாளர் டீ குடிக்கப் போனதும் மூன்று தலைகளும் ஒரே திரையில் குவியும். ஆனேக்கலுக்குத் தெற்கே பச்சைக்கு நடுவில் நீலமாக ஏதாவது தெரிந்தால் போதும். “அங்க பாரு, அங்க பாரு!” ரோடு போகாத நீலமாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் கணக்கு. ரோடு போனால் ஆள் போவான், ஆள் போனால் பாட்டுப் போடுவான்.

முதல் நீலத்தைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அலைந்தோம். முள் கிழித்தது, ரத்னாவின் மொபெட் பஞ்சர் ஆனது, நாய் துரத்தியது. கடைசியில் போய்ச் சேர்ந்தால், அது ஒரு கோழிப்பண்ணையின் கூரைமேல் விரித்திருந்த நீலத் தார்ப்பாய். நாங்கள் மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பண்ணைக்காரர் வந்து, “எத்தன கிலோ வேணும்?” என்று கேட்டார். வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் முட்டை வாங்கிக்கொண்டு வந்தோம்.

இரண்டாவது நீலம் நிஜத் தண்ணீர்தான். கைவிட்டுப்போன கல் குவாரி. பளிங்கு மாதிரி பச்சைத் தண்ணீர், சுற்றிலும் செங்குத்தான பாறை, ஓர் ஈ காக்கை இல்லை. ஸ்டெல்லா ஆனந்தத்தில் கூவினாள், பாறை திருப்பிக் கூவிற்று. கூடாரத்துக்கு முளை அடிக்கத் தொடங்கியபோது எங்கோ சங்கு ஊதினார்கள். அடுத்த பாறைக்குப் பின்னால் கைவிடாத குவாரி ஒன்றும் இருந்திருக்கிறது. வெடி வைக்கப் போகிறார்கள் என்று புரிந்ததும் நாங்கள் ஓடிய ஓட்டத்தை யாராவது பார்த்திருந்தால் மாநிலப் போட்டிக்கு அனுப்பியிருப்பார்கள். மூன்றாவது நீலத்தில் சோப்பு நுரை மலைபோல மிதந்தது. நாள் முழுக்க சலவை இயந்திரத்தோடு மாரடிக்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் நுரையா என்று திரும்பிவிட்டோம்.

விடுதி நடத்திய ஆன்ட்டிக்குப் பதில் சொல்ல வேண்டும், அது தனி அவஸ்தை. ரத்னா வீட்டில் காதுகுத்து என்று சொல்லிவிட்டுப் போவேன். நான்காவது தடவை சொன்னபோது ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, உங்க ரத்னா வீட்டுப் புள்ளைங்களுக்கு ஆளுக்கு எத்தன காது?”

ஆனால் ரத்னாவின் சொந்தக்காரர்கள் நிஜமாகவே எல்லா ஊரிலும் இருந்தார்கள். எந்த ஊரில் நின்றாலும் ஒரு சித்தப்பாவோ மாமியோ முளைத்துவிடுவார்கள். மூன்று பெண்கள் வெட்டவெளியில் தங்குகிறோமே, பயம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அதனால்தான் முதலில் ஊருக்குள் போய், ரத்னா மூன்று மொழியிலும் முறை வைத்துக் கூப்பிட்டு, ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்து, நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் ஏரிப்பக்கம் போவோம். தனிமை தேடிப் போகிறவர்கள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுப் போவது வேடிக்கைதான். ஆனால் பெண்களின் தனிமை அப்படித்தான், நாலு பேருக்குத் தெரிந்திருந்தால்தான் நிம்மதியாகத் தனியாக இருக்க முடியும்.

போகப் போகச் சில விஷயங்கள் பிடிபட்டன. மாடு தண்ணீர் குடிக்க இறங்குகிற தடத்தில் கூடாரம் போடக் கூடாது. அதிகாலையில் எருமை முகத்தில் மூச்சு விடும். தளி பக்கத்துக் காட்டோரம் பலாப்பழ வாசனை வந்தால் அங்கே ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது, யானைக்கும் மூக்கு இருக்கிறது. தண்ணீர் தொட்ட கோட்டுக்கு மேலே, காற்றுக்கு முதுகு காட்டி, எறும்புப் புற்று இல்லாத இடம். அப்புறம், எந்த ஆண்பிள்ளையும் எழுதி வைக்காத ஒரு விதி: விடியற்காலையில் ஒதுங்க ஒரு மறைவான புதர்.

இத்தனையும் பொருந்திய ஏரியை ஒரு புரட்டாசியில் கண்டுபிடித்தோம். பேரைச் சொல்ல மாட்டேன். மூன்று பேரும் சத்தியம் செய்திருக்கிறோம். ஆனேக்கலைத் தாண்டி, ஒரு மண்பாதையில் போய், ராகிக் கொல்லைகளுக்கு நடுவில் ஒரு நீளமான கரை. கரையின் ஒரு முனையில் சின்னப் பாறைக்குன்று, அதன் காலடியில் கூடாரம் போடவென்றே சமன் செய்து வைத்த மாதிரி ஒரு புல்திட்டு. தண்ணீரில் நாமக்கோழிகள். எதிர்க்கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி எங்களைப் பார்த்துத் திட்டித் தீர்த்தது. வழக்கமாகத் திட்டு வாங்குகிறவர்கள் என்பதால் அன்பாகக் கேட்டுக்கொண்டோம். ஸ்டெல்லா பாறைமேல் உட்கார்ந்தாள். யாரும் பேசவில்லை. நான்கூட. என் காதுக்குள் இத்தனை நாளாக ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது என்பது அது நின்றபோதுதான் தெரிந்தது.

பிறகு எல்லாச் சனிக்கிழமையும் அங்கேதான். ஐப்பசியில் மழை பிடித்தது. நாள் கணக்கில் விடாத மழை. ஒரு சனிக்கிழமை வெறித்ததும் கிளம்பிப் போனோம். ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. உபரி நீர் வழிகிற இடத்தை எங்கள் ஊரிலும் கோடி என்பார்கள், இங்கேயும் கோடிதான். “கோடி போகுதுடி!” என்று ரத்னா மொபெட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். நாங்களும் ஓடினோம். வழிகிற தண்ணீரில் நின்று மூவரும் ஆடிய ஆட்டத்தைப் பற்றி மேலும் சொல்லப் போவதில்லை. அந்தக் கரையில் அவ்வளவு தண்ணீர் நின்று பல வருஷம் ஆயிற்று என்று வழியில் பார்த்த ஆட்டுக்காரர் சொன்னார். அதை நாங்கள் நல்ல செய்தியாக மட்டும்தான் கேட்டோம்.

மறுநாள் விடியற்காலை, மேலே சொன்ன கடைசி விதிப்படி, கரைக்கு மறுபக்கம் கொல்லைப் பக்கமாக இறங்கினேன். பாதிச் சரிவில் புல்லுக்கு நடுவிலிருந்து தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. கை மொத்தம் இருக்கும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “ஊத்துடி! ஊத்து வருது! ஓடி வாங்க!” என்று கத்தினேன். இயற்கையின் அதிசயத்தைக் கண்டுபிடித்துவிட்ட பெருமிதத்தோடு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றேன்.

ஸ்டெல்லா வந்து அந்தத் தண்ணீரில் முகம் கழுவப் போனாள். ரத்னா அவள் கையைத் தட்டிவிட்டாள். குனிந்து கொஞ்சம் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். செக்கச்செவேல் என்று இருந்தது.

“ஊத்துன்னா தெளிவா வரும். இது கரைய அறுத்துக்கிட்டு வருது” என்றாள். சின்ன வயதில் அவள் மாமா ஊர் ஏரி இப்படித்தான் உடைந்ததாம். அவள் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. திரும்பிக் கீழே பார்த்தேன். ராகி, தக்காளி, அதற்கு அப்பால் ஓட்டு வீடுகள், பால் கறக்கிற நேரத்துப் புகை. எங்கள் முதுகுக்குப் பின்னால் ஓர் ஏரித் தண்ணீர்.

போனில் சிக்னல் இல்லை. ரோடு போகாத இடம் தேடியவர்களுக்கு அதெல்லாம் கிடைக்குமா? ரத்னா மொபெட்டை எடுத்தாள். சேற்றில் இரண்டு முறை சரிந்து விழுந்து எழுந்து போனதை மேலிருந்து பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் ஊருக்குள் தமுக்குச் சத்தம் கேட்டது. நானும் ஸ்டெல்லாவும் என்ன செய்வதென்று தெரியாமல் கல்லையும் மண்ணையும் அள்ளி ஓட்டைமேல் போட்டுக்கொண்டிருந்தோம். போட்டதையெல்லாம் தண்ணீர் துப்பிவிட்டது. கை மொத்தம் இருந்தது தொடை மொத்தம் ஆயிற்று.

ரத்னாவோடு ஊரே வந்தது. டிராக்டரில் கொஞ்சம் பேர், ஓட்டமாகக் கொஞ்சம் பேர். முன்னால் வந்தவர் ஜெயம்மா. பஞ்சாயத்து உறுப்பினர், சேலையை வரிந்து கட்டி, கையில் மண்வெட்டியோடு வந்தார். எங்கள் கூடாரத்தைப் பார்த்ததும் அவர் நடை நின்றது. “யாரு நீவு?” என்று அவர் கேட்டது எனக்கே புரிந்தது. அப்புறம் கன்னடத்தில் வேகவேகமாக ஏதோ கேட்டார். ரத்னாவின் முகம் சிவந்தது.

“என்னடி கேக்கறாங்க?”

“டெண்டுக்கு முளை அடிச்சு ஏரிய ஓட்ட பண்ணிட்டீங்களான்னு கேக்கறாங்க!”

அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். ரத்னா முளை இருந்த இடத்தையும் ஓட்டை இருந்த இடத்தையும் மாறி மாறிக் காட்டி ஒரு பாட்டம் வாதாடித் தீர்த்தாள். நடுவில் தன் மாமி வழி உறவு ஒருவரையும் கூட்டத்தில் கண்டுபிடித்துவிட்டாள். ஜெயம்மா ஒரு நொடி யோசித்தார். “ஆமேலே நோடோணா” என்றார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். கையிலிருந்த மண்வெட்டியை என்னிடம் நீட்டிவிட்டு இன்னொன்றை வாங்கிக்கொண்டார்.

இரண்டு பேர் மதகைத் திறக்க ஓடினார்கள். மற்றவர்கள் எங்களைப் போலவே வெளிப்பக்கம் மண்மூட்டையாகப் போட்டார்கள். மூட்டையையும் தண்ணீர் உருட்டியது. உள்பக்கம் வாயை அடைத்தால்தான் நிற்கும் என்று ஒருவர் கத்தினார். வாய் எங்கே இருக்கிறதென்று யாருக்குத் தெரியும் என்று இன்னொருவர் கத்தினார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாரோ ஒரு வைக்கோல் கட்டைப் பிரித்து ஏரிப் பக்கம் வீசினார்கள். வைக்கோல் பரவி மிதந்தது. பிறகு ஓரிடத்தில் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு தாளாகத் தலைகீழாக நின்று உள்ளே போயிற்று.

அங்கே இறங்கி மூட்டையைச் சரியாக வாயில் வைக்க நீச்சல் தெரிந்த ஆள் வேண்டும். நாகராஜ் என்கிற ஒருவர் சட்டையைக் கழற்றினார். தனி ஆளால் முடியாது என்றார். ஸ்டெல்லா கையைத் தூக்கினாள்.

“ஏய், உனக்கென்ன பைத்தியமா?” என்றேன்.

“அல்சூர்ல எங்கப்பா ஸ்விம்மிங் கத்துக் குடுத்தது எதுக்குடி? கப்பு வாங்கவா?”

கூடாரத்தோடு வந்த உபரிக் கயிற்றை மூன்று புரியாக முறுக்கி அவள் இடுப்பில் கட்டினோம். மறுமுனை என் கையிலும் ரத்னா கையிலும். எங்களுக்குப் பின்னால் ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் பிடித்தார்கள். அவர்களுக்கு எங்கள் பெயர்கூடத் தெரியாது. நாகராஜும் அவளும் கரையைத் தடவியபடி இறங்கினார்கள். மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தோம். மூன்றாவது மூட்டையோடு ஸ்டெல்லா சுழிக்குக் கிட்டே போனாள். திடீரென்று தலை காணோம். கயிறு என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடிற்று.

நான் என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. பின்னால் இருந்த பெண்கள் “எளீரி! எளீரி!” என்று கத்தினார்கள். இழுத்தோம். மொத்த உடம்பையும் பின்னால் சாய்த்து இழுத்தோம். தலை வந்தது. நாகராஜ் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினார். கரையில் வந்து விழுந்து செம்மண் தண்ணீராக இருமினாள்.

“யாரோ கால் ரெண்டையும் புடிச்சு இழுக்கற மாதிரி இருந்திச்சுடி” என்றாள். நான் ஓங்கி அவள் முதுகில் ஓர் அடி வைத்தேன். அப்புறம் கட்டிக்கொண்டேன். அவள் இன்னும் இருமிக்கொண்டிருந்தாள். “மூட்ட நிக்காது. சின்னதா இருந்தா உள்ள போயிடுது. பெருசா, அகலமா, ஒரே துணியா எதாச்சும்…”

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். நானும் அதே திசையில்தான் பார்த்தேன். ரத்னாவும். பாறைக்குன்றின் காலடியில், காலை வெயிலில், காக்கிக் கூடாரம் நின்றுகொண்டிருந்தது. கொஞ்சம்கூட மண் இல்லாமல்.

“எங்கப்பா என்னக் கொன்னுடுவாரு” என்றாள் ஸ்டெல்லா.

வெளிப்பக்கம் கரையில் ஒரு பாளம் மண் பொத்தென்று சரிந்தது. யாரோ கீழே வீடுகளைக் காலி செய்யச் சொல்லிக் கத்தினார்கள்.

“எடுங்கடி!” என்றாள்.

முளைகளைப் பிடுங்கினோமா வெட்டினோமா நினைவில்லை. கூடாரத்தை இரண்டாக மடித்தோம். ஓரத்து வளையங்களில் எல்லாம் கல்லைக் கட்டினோம். ஜெயம்மா தன் கையாலேயே கட்டினார். மேல் ஓரத்தைக் கம்புகளில் சுற்றி, இந்தப் பக்கம் ஆறு பேர், அந்தப் பக்கம் ஆறு பேர், கரைச் சரிவோடு ஒட்டித் தண்ணீருக்குள் மெதுவாக இறக்கினோம். பாய் விரிப்பது மாதிரி. ஈரம் பட்டதும் அது இரட்டைக் கனம் கனத்தது. வைக்கோல் சுற்றிய இடத்துக்கு மேல் வந்ததும் தண்ணீரே அதைப் பிடுங்கிக்கொண்டது. கையை வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டியது. நாங்கள் அத்தனை பேரும் ஒரு முழம் முன்னால் இழுபட்டோம். அப்புறம் ஒன்றுமில்லை. சுழி நின்றுவிட்டது. மிச்சமிருந்த வைக்கோல் அப்படியே மிதந்தது.

வெளிப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “நிந்தோய்த்து! நிந்தோய்த்து!”

நின்றுவிட்டது. அதற்கு யாரும் எனக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கரையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கூச்சல். அமைதி தேடி அந்த ஏரிக்குப் போன நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினேன்.

அதோடு முடியவில்லை. கூடாரத்தின்மேல் மூட்டை, மூட்டையின்மேல் களிமண், வெளிப்பக்கமும் மூட்டை என்று மத்தியானம் வரை சுமந்தோம். பிறகு மண் அள்ளும் இயந்திரம் வந்தது, அதிகாரி ஒருவர் வந்தார், மதகு வழியாகத் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. அப்புறம்தான் ஊர் உட்கார்ந்தது. கரைமேலேயே அண்டாவில் கீரைச் சாறும் ராகிக் களியும் கொண்டு வந்தார்கள். உருண்டையை நான் மென்றதைப் பார்த்து ஜெயம்மா விழுந்து விழுந்து சிரித்தார். மெல்லக் கூடாதாம், விழுங்க வேண்டுமாம். காலையில் முளை அடித்து ஏரியை ஓட்டை போட்டவர்கள் நாங்கள். மத்தியானத்தில் எங்கள் வாயில் களியை ஊட்டாத குறைதான். உள்ளங்கை கிழிந்திருந்ததால் எனக்கு நிஜமாகவே ஒரு பெண் ஊட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை கையில் கட்டோடு ஹெட்போனை மாட்டினேன். முதல் அழைப்பு. “ஏம்மா, உங்க மெஷின்ல அடியில இருந்து தண்ணி ஒழுகுது, வீடே நாசமாப் போயிடும் போல இருக்கு!” எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “சார், பெரிய துணியா ஒண்ணு இருக்கா?” என்று கேட்டேன். பக்கத்தில் ஸ்டெல்லா சிரித்துச் சிரித்து மேசையில் கவிழ்ந்துவிட்டாள். மேற்பார்வையாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அனுப்பினார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பயமெல்லாம் டேனியல் அங்கிளைப் பற்றித்தான். ஞாயிறு ராத்திரி ஸ்டெல்லா வீட்டுக்கே போகாமல் ரத்னாவோடு தங்கிவிட்டாள். சாயங்காலம் மூவருமாகப் பிரேசர் டவுனுக்குப் போனோம். அவர் வாசலில் நின்று எங்கள் கைகளைப் பார்த்தார். கையில் ஒன்றுமில்லை.

“டெண்ட் எங்க?”

“ஏரிக்குள்ள இருக்கு, டாடி” என்றாள் ஸ்டெல்லா. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தான் தண்ணீருக்குள் போனதைத் தவிர. அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். 

“நின்னுச்சா?” என்றார்.

“நின்னுச்சு டாடி.”

“நிக்கும்” என்றார். “அது நிக்கும்.” உள்ளே போய் மனைவியிடம், “ரோஸி, பிள்ளைங்களுக்குச் சாப்பாடு போடு” என்று சொல்வது கேட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் தன் கூடாரம் ஓர் ஊரைக் காப்பாற்றிய கதையைச் சொன்னார். அந்தக் கதையில் எங்கள் மூன்று பேருக்கும் ரொம்பச் சின்ன வேஷம்தான். அதற்கு மறுவாரம் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு எங்களோடு ஏரிக்கும் வந்தார். ஜெயம்மா வீட்டில் அவருக்கு மாலை போட்டார்கள். 

இப்போது அங்கிள் இல்லை. ஸ்டெல்லா கனடாவில் இருக்கிறாள். ரத்னா ஆனேக்கலிலேயே வீடு கட்டிக்கொண்டு இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறாள். நான் பொம்மனஹள்ளியை விட்டுப் போகவே இல்லை. புகார்ப் பிரிவு போய்விட்டது; இப்போதெல்லாம் மனிதர்களின் கோபத்தை இயந்திரமே கேட்டுக்கொள்கிறது. கோழிப்பண்ணை இருந்த இடத்தில் வீட்டுமனைகள். குவாரியை நிரப்பிவிட்டார்கள் என்று கேள்வி. ஏரி இருக்கிறது. அதை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை, சந்தோஷம்தான்.

இந்த வருஷம் ஸ்டெல்லா வந்திருந்தாள். மூவரும் காரில் போனோம். கரை அடிவரை தார் ரோடு. வேலி, கேட், ஆறு மணிக்கு மேல் அனுமதியில்லை என்று ஒரு பலகை. கரைமேல் ஏறச் சிமெண்டுப் படி. கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம். கரை உயரம், அதற்கு மேல் வானம். அந்தக் காலத்தில் புதிதாக எந்த ஏரிக்குப் போனாலும் இந்த இடத்தில்தான் எங்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்தப் பக்கம் தண்ணீர் இருக்குமா, வெறும் வெடிப்புத் தரையா, தார்ப்பாயா, ஒன்றும் தெரியாது. ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறுவோம். யார் முதலில் பார்ப்பது என்று சண்டையே வரும். அன்றும் என் கால் தானாக முதல் படிக்குப் போயிற்று.

“தண்ணி இருக்குடி” என்றாள் ஸ்டெல்லா பின்னாலிருந்து. திரும்பிப் பார்த்தேன். போனை நீட்டினாள். “இந்தா, நேத்து யாரோ போட்டோ போட்டிருக்காங்க.”

மூவரும் மெதுவாக, ஒருவர் பின் ஒருவராகப் படியேறினோம். தண்ணீர் இருந்தது, போட்டோவில் இருந்தபடியே.